தலைவரின் வலது காது

மட்டுநகர் நுண்செவியாளர் மன்றத்தின் தலைவர் இராசதுரைக்கு வலது காது அடைத்துப் பதினெட்டு நாளாயிற்று. இந்த விஷயம் உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் இராசதுரை. மற்றவர் அவருடைய மனைவி கேதீஸ்வரி. அவருக்கும் இராசதுரை சொல்லித் தெரியவில்லை. வலப்பக்கம் நின்று எதைத் திட்டினாலும் மனிதர் பணிவாகச் சிரிக்கிறாரே என்று யோசித்ததில் பிடிபட்டது.

ஆடி அமாவாசையன்று, காலமான தகப்பனாரை நினைத்துக் கோயில் தீர்த்தக் குளத்தில் மூன்று முழுக்குப் போட்டதில் வந்த வினை. இரண்டு முழுக்கு நல்லபடியாக முடிந்தது. மூன்றாவதில் தண்ணீர் காதுக்குள் போயிற்று. போனது, உள்ளே பல வருடங்களாகக் குடியிருந்த குறும்பியை ஊறவைத்து உப்பவைத்துவிட்டது. நல்லெண்ணெய் விட்டுப் பார்த்தார். உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விட்டுப் பார்த்தார். குளியலறையில் தலையைச் சரித்துக்கொண்டு ஒற்றைக் காலில் துள்ளியும் பார்த்தார். காது சமையல் மணம் மணத்ததே தவிரத் திறக்கவில்லை.

"டொக்டரிட்டக் காட்டுங்க" என்றார் கேதீஸ்வரி, இடப்பக்கமாக வந்து நின்று.

"காட்டினா விசயம் வெளியில போயிரும்."

"உள்ளுக்க இரிக்கிற ஊத்தை வெளியில வந்தாப் போதும். விசயம் எங்க போனா என்ன?"

இராசதுரை ஓர் அரச அலுவலகத்தில் பிரதம இலிகிதர். அந்த வேலைக்கு ஒரு காது தாராளம். சில நாட்களில் அதுவும் மிச்சம். ஆனால் மன்றம் அப்படியல்ல. விலையுயர்ந்த ஹெட்போன்களை மாட்டிக்கொண்டு, எது எதைவிட மேல் என்று தீர்ப்புச் சொல்லும் கூட்டம் அது. அதில் இராசதுரைக்குப் 'பொற்செவியர்' என்று பட்டமே உண்டு. ஒரு முறை, கேபிளை மறுவளமாகக் கொழுவியதால் பாடகியின் குரலில் லேசான ஏக்கம் குறைந்துவிட்டது என்று அவர் சொல்ல, கேபிளைத் திருப்பிக் கொழுவிய பிறகு ஏக்கம் திரும்பி வந்ததை எல்லோரும் உணர்ந்தார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஐம்பத்து நான்கு வயதில் இராசதுரைக்குக் கிடைத்த ஒரேயொரு தலைமைப் பதவி இதுதான். கோயில் நிர்வாகத் தேர்தலில் இரண்டு வாக்கால் தோற்றார். விளையாட்டுக் கழகத்தில் பதினொரு வாக்கால் தோற்றார். நுண்செவியாளர் மன்றத்தில் மட்டும் ஏகமனதாகத் தெரிவானார். அன்றைக்குக் கூட்டத்துக்கு வந்தவர்கள் மூன்று பேர். அந்தக் கதிரையை ஒரு துளி குளத்துத் தண்ணீருக்கு விட்டுக்கொடுக்க அவர் தயாரில்லை.

மாதாந்த ஒன்றுகூடல் அந்த ஞாயிறு காலை தன்னாமுனையில், வாவிக் கரையிலிருந்த ஒரு விருந்தினர் விடுதியின் மண்டபத்தில் நடந்தது. இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். செயலாளர் நல்லரத்தினம் நிகழ்ச்சி நிரலை வர்ணத்தில் அச்சடித்து ஆளுக்கொன்று கொடுத்தார். மங்கள விளக்கேற்றல், மௌன அஞ்சலி, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை போர்த்தல், பொன்னாடை போர்த்தப்பட்டோரின் ஏற்புரை, ஏற்புரைக்கு நன்றியுரை, சிற்றுண்டி. ஒன்பதாவதாகக் கீழே சிறிய எழுத்தில்: ஹெட்போன் ஒப்பீடு (நேரம் இருப்பின்).

இராசதுரை ஒரு திட்டத்தோடு வந்திருந்தார். மேடையில் வலது கோடிக் கதிரையில் இருந்துவிட்டால் வலப்பக்கம் சுவர்தான். சுவர் பேசாது. போய் அமர்ந்தும்விட்டார். நல்லரத்தினம் ஓடி வந்தார்.

"தலைவர் ஓரத்தில இரிக்கிறதா? சபைக்கு என்ன மரியாதை? எழும்புங்க, நடுவுக்கு வாங்க."

நடுவுக்கு வந்தார். இடப்பக்கம் புதிய உறுப்பினர் துசாந்தினி. பட்டணத்தில் ஒரு கிளினிக்கில் மற்றவர்களின் காதுகளைப் பரிசோதிப்பவர். இது தெரிந்ததும் இராசதுரையின் வலது காது தானாகவே கொஞ்சம் மறைந்துகொள்ளப் பார்த்தது. வலப்பக்கம் உபதலைவர் மதுரன்.

மதுரன் டோஹாவில் ஏழு வருடம் இருந்துவிட்டு, நான்கு லட்சம் ரூபாய் ஹெட்போன் ஒன்றோடு ஊர் திரும்பியவர். அதைத் தோல் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைத் துணிப்பைக்குள் வைத்து, பையை மடியில் வைத்திருப்பார். அவர் அதில் பாட்டுக் கேட்டதைப் பார்த்தவர்கள் குறைவு. அதன் விலையைக் கேட்காதவர்கள் இல்லை. தலைவர் கதிரை தனக்கு வரவேண்டியது என்பது அவருடைய எண்ணம்.

விளக்கேற்றுவதற்கே இருபது நிமிடம் போயிற்று. வாவிக்காற்று திரியை எரியவிடவில்லை. யன்னல்களைச் சாத்தினார்கள். மின்விசிறியை நிற்பாட்டினார்கள். விளக்கு எரிந்தது, எல்லோருக்கும் வேர்த்தது. மௌன அஞ்சலியின்போது யாரோ ஒருவருடைய போன் சினிமாப் பாட்டுப் பாடியது. 'பேஸ் போதாது' என்று பின்வரிசையில் ஒருவர் அபிப்பிராயம் சொன்னார்.

தலைமையுரை முடிந்து இராசதுரை அமர்ந்ததும் மதுரன் வலப்பக்கத்திலிருந்து அவர் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். இராசதுரைக்கு வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. அவர் தலையை மெதுவாக, கண்ணை அரைவாசி மூடி, மேலும் கீழும் அசைத்தார். அலுவலகத்தில் முப்பது வருடமாகப் பழகிய அசைவு அது. 'பார்ப்போம்' என்பது அதன் பொருள். மதுரன் இன்னும் ஏதோ கேட்டார். இன்னொரு தலையசைப்பு. மதுரனின் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி இராசதுரைக்குப் பிடிக்கவில்லை.

மதுரன் எழும்பி மைக்கைப் பிடித்தார்.

"சபையோருக்கு ஒரு சந்தோசமான அறிவித்தல். இண்டைக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு செவிப் பரீட்சை. தலைவரும் நானும் நேருக்கு நேர். தோத்தவர் பதவிய விட்டுக்கொடுக்கிற. இப்ப ரெண்டு தரம் கேட்டன். ரெண்டு தரமும் தலைவர் பெருமனசோட சம்மதிச்சிட்டார்!"

இருபத்திரண்டு பேரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலின் இடப்பாதி இராசதுரைக்குத் துல்லியமாகவே கேட்டது.

"நான்... அதாவது..." என்றார்.

"தலைவரிட அடக்கம்!" என்று நல்லரத்தினம் மறுபடி கைதட்டலைத் தொடக்கி வைத்தார்.

பரீட்சையை நடத்தத் துசாந்தினியை விடப் பொருத்தமானவர் யாருமில்லை என்று முடிவாயிற்று. செயலாளர் என்ற முறையில் நல்லரத்தினமும், மன்றத்துக்கு ஹெட்போன் வயர்கள் எடுத்துக்கொடுக்கும் காத்தான்குடிக் கடைக்காரர் மர்சூக்கும் ஒப்புக்குக் கூடச் சேர்ந்து பரீட்சை எழுதுவார்கள். கண்ணைக் கட்டத் துணி தேடினார்கள். அன்றைக்குப் போர்த்தவென்று வாங்கிய பொன்னாடைகள் நாலும் கைவசம் இருந்தன. சரிகை கண்ணில் குத்தியது. ஆனால் கௌரவமான குத்து.

முதல் சுற்று. மூன்று ஹெட்போன்: மதுரனின் நான்கு லட்சம், இராசதுரையின் கறுப்பு நிறத்தது, மர்சூக்கின் கடையில் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குத் தொங்குகிற ஒன்று. ஒரு கோயில் திருவிழாவில் பதிவான நாதஸ்வரக் கச்சேரி மூன்றிலும் ஒலிக்கும். நான்கு லட்சம் எது என்று சொல்லவேண்டும். பாரத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடாமல் இருக்கத் துசாந்தினியே ஹெட்போனைக் கையில் பிடித்துக் காதோடு வைத்தார்.

அந்தப் பதிவில் நாதஸ்வரம் முழுக்க இடப்பக்கம். தவில் முழுக்க வலப்பக்கம்.

"முதலாவது," என்றார் இராசதுரை, தொண்டையைச் செருமி. "இதில நாதஸ்வரம் நல்ல விசாலம். தவில்... அடக்கம்."

"ரெண்டாவது?"

"நாதஸ்வரம் இன்னும் விசாலம். தவில் மிக்க அடக்கம்."

"ஓம் ஓம், அடக்கந்தான்" என்றார் முன்வரிசையிலிருந்த ஒருவர். அவர் கையில் ஹெட்போன் இல்லை, பாதி கடித்த ரோல்ஸ் இருந்தது.

துசாந்தினி ஒரு கணம் இராசதுரையைப் பார்த்தார். மூன்றாவதை வைக்கும்போது, ஒன்றும் சொல்லாமல், இடவலம் மாற்றி வைத்தார்.

"ஆகா! இது வேற ஒரு பிறவி. தவில் முன்னுக்கு வந்திட்டு. நாதஸ்வரம் அப்பிடியே அடங்கிட்டு. காணாமலே போயிட்டு எண்டும் சொல்லலாம்."

நல்லரத்தினம், தன் முறை வரும்வரை பொன்னாடையை நெற்றிக்கு ஏற்றி வைத்துக்கொண்டு, 'காணாமற்போகும் நாதஸ்வரம்' என்று குறிப்பேட்டில் எழுதி அடிக்கோடிட்டார். துசாந்தினியும் தன் தாளில் ஏதோ எழுதினார். அது மிகச் சிறிய குறிப்பு.

முடிவு வந்தது. இராசதுரை 'இரண்டாவது' என்றார். அது அவருடைய சொந்த ஹெட்போன். மதுரன் யோசிக்கவேயில்லை. "மூண்டாவது. கண்ணைக் கட்டினா என்ன, பெத்த புள்ளயத் தெரியாதா?" என்றார். அது மர்சூக்கின் கடைச் சாமான். நல்லரத்தினம், தலைவர் சொன்னதும் உபதலைவர் சொன்னதும் தனக்கும் சரியாகவே பட்டன என்றார்.

மர்சூக் ஒருவர்தான் சரியாகச் சொன்னார்.

"முதலாவதுதான் நாலு லெச்சம். லெதர் மணக்குது. மூணாவது எங்கட கடைச் சாமான். பெட்டி உடைச்ச பிளாஸ்டிக் மணம் இன்னும் போகல்ல ஓய்."

"இது செவிப் பரீட்சை, மூக்குப் பரீட்சை இல்ல" என்று நல்லரத்தினம் அவரைத் தகுதி நீக்கம் செய்தார்.

"அப்ப நாலு லெச்சத்துக்கும் ரெண்டரை ஆயிரத்துக்கும் வித்தியாசம் மணம் மட்டுந்தான் எண்டு எழுதிக்கங்க" என்றார் மர்சூக்.

"இண்டைக்கு ஈரக்காத்து. அதில ட்ரெபிள் கலங்கிப் போகும்" என்றார் மதுரன்.

இருவருக்கும் பூச்சியம். இறுதிச் சுற்றில் தீர்க்கவேண்டியதாயிற்று. அதற்கு மதுரன் ஓர் அபூர்வப் பொருள் கொண்டுவந்திருந்தார். கல்லடிப் பாலத்தடியில், தண்ணீருக்குள் இறக்குகிற மைக்கை வைத்து அவரே பதிவு செய்த மீன் பாட்டு.

மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது. எங்கள் ஊரில் ஒருவன் கடவுளை நம்பவில்லை என்று சொல்லலாம். வயல் வட்டைக்கு விதைப்புக்கு வரமாட்டேன் என்றும் சொல்லலாம். வாவியில் மீன் பாடியதைக் கேட்கவில்லை என்று மட்டும் சொல்ல முடியாது. பறுவத்து முழுநிலவன்றைக்குத் தோணியில் போய்த் துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீரிலும் மறுநுனியைக் காதிலும் வைத்தால் கேட்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வைத்துக் கேட்ட ஒருவரையும் எல்லோருக்கும் தெரியும். கொழும்பில் யாராவது விசாரித்தால், 'ஓ, கேட்டிருக்கிறேன்' என்று, பஸ் ஓடுகிற சத்தத்தைப் பற்றிச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொல்லிவிடுவோம்.

நான்கு கதிரையை வரிசையாகப் போட்டார்கள். பதவி வரிசைப்படி இராசதுரை இடது கோடி; அவருக்கு வலப்பக்கம் மதுரன், நல்லரத்தினம், மர்சூக். தகுதி நீக்கப்பட்டாலும் மீன் பாட்டு என்றதும் மர்சூக்கும் வந்து அமர்ந்துகொண்டார். நான்கு ஹெட்போனையும் ஒரு பெட்டியில் கொழுவி, பெட்டியை லப்டொப்பில் கொழுவினார்கள். இராசதுரையுடையது காதை இறுக்கிப் பொத்துகிற ரகம். வெளியில் ஷெல் குண்டு விழுந்தாலும் உள்ளே கேட்காது என்று அவரே பலமுறை பெருமைப்பட்டிருக்கிறார். பொன்னாடைகள் மறுபடி கண்களை மூடின.

துசாந்தினி ஒவ்வொருவர் தோளிலும் மெல்லத் தட்டினார். தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

மதுரனின் முகம் முதலில் கனிந்தது.

"ஆ... கேளுங்க. வீணைத் தந்தியச் சுண்டி விட்ட மாதிரி. என்ட பதிவு எண்டு சொல்லல்ல, ஆனா இந்தத் துல்லியம்..."

"சங்கு!" என்றார் நல்லரத்தினம். "எங்கயோ தூரத்தில ஒரு சங்கு. மயிர்க்கூச்செறியுது."

மர்சூக் கொஞ்ச நேரம் தயங்கினார். "ஓம்," என்றார். "தவளை மாதிரியும் இரிக்கு. ஆனா மீன்தான். ஊர் மீன்."

ஹெட்போன் மாட்டியிருந்தும் இந்த மூவருக்கும் மற்றவர் பேச்சு நன்றாகக் கேட்டது. அது எப்படிக் கேட்கிறது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

இராசதுரைக்கு ஒன்றும் கேட்கவில்லை. வலது காதில் வழக்கமான அடைப்பு. இடது காதில்... இடது காதிலும் ஒன்றுமில்லை. அவர் ஹெட்போனை இன்னும் இறுக்கினார். மூச்சைப் பிடித்தார். வீணை இல்லை, சங்கு இல்லை, தவளையும் இல்லை. தன் இதயம் அடிப்பது மட்டும் எங்கோ உள்ளேயிருந்து கேட்டது. பொய் சொல்ல அவர் தயாராகத்தான் இருந்தார். 'யாழ்' என்ற சொல்லைக்கூட வாயில் எடுத்து வைத்திருந்தார். ஆனால் அதற்குள் பயம் முந்திக்கொண்டது. பதவி போனால் போகட்டும், இனி ஆயுளுக்கும் கேதீஸ்வரி இடப்பக்கம் வந்து நின்றாலும் கேட்காதே!

பொன்னாடையைப் பிய்த்து எறிந்துகொண்டு எழும்பினார்.

"எனக்கு ஒண்டும் கேக்கல்ல! ஐயோ, ஒண்டுமே கேக்கல்ல! தீர்த்தத்தில முழுகின நாள் தொட்டு..."

மண்டபம் திகைத்துப்போயிற்று. மதுரன் கண்கட்டை அவிழ்த்துவிட்டு, வெற்றி பெற்றவனின் இரக்கத்தோடு தலைவரைப் பார்த்தார்.

துசாந்தினி லப்டொப்பைச் சபைப் பக்கம் திருப்பினார்.

"தலைவர் சொன்னதுதான் சரி. நான் ஒண்டும் போடல்ல."

நல்லரத்தினம் பொன்னாடையை மெல்ல நெற்றிக்கு ஏற்றினார்.

"காதுச் சோதனையில இடைக்கிடை சத்தம் போடாம விட்டுப் பாப்பம்," என்றார் துசாந்தினி, வகுப்பெடுப்பவர் போல. "கேக்காத சத்தத்துக்கு யார் கை உயத்திற எண்டு பாக்கிறதுக்கு. அதான் விட்டுப் பாத்தன்."

மர்சூக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். "அல்லாஹ்! நான் தவளையெல்லாம் கண்டுபிடிச்சன் ஓய்!"

"நான் சொன்னது கேட்டதை இல்ல," என்றார் மதுரன். "கேக்க வேண்டியத. பதிவு என்ட தானே. மனப்பாடம்."

நல்லரத்தினம் வேறு ரகம். தோற்ற பக்கத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கத் தெரியாதவர். மைக் அவர் கைக்கு எப்படி வந்ததென்று ஒருவருக்கும் தெரியாது.

"சபையோரே! எங்களுக்கெல்லாம் சத்தத்தைத்தான் கேக்கத் தெரியும். மௌனத்தைக் கேட்டவர் தலைவர் ஒருவர்தான்! என்ன சொன்னார், கவனிச்சீங்களா? தீர்த்தத்தில முழுகின நாள் தொட்டு! தீர்த்தமாடிய செவி!"

"இல்ல, நான் சொல்ல வந்தது என்னெண்டா," என்றார் இராசதுரை, "தண்ணி போய் என்ட வலது காது அடைச்சு..."

"வலது காதை அடைச்சு, இடது காதால கேட்டிருக்கார்! எங்களுக்கு ரெண்டு காதையும் திறந்து வச்சும் விளங்கல்ல!"

கைதட்டல் வெடித்தது. ஒரு பொன்னாடை வந்து தோளில் விழுந்தது. கண்ணைக் கட்டிய அதே பொன்னாடைதான். மர்சூக்கின் வேர்வையில் கொஞ்சம் நனைந்திருந்தது. இராசதுரை மூன்றாவது தடவையும் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். மாலை ஒன்று வருவதைக் கண்டு மூடிக்கொண்டார்.

பிரியாணி முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தபோது, துசாந்தினி அவருக்கு வலப்பக்கம் வந்து நின்று ஏதோ சொன்னார். இராசதுரை கண்ணை அரைவாசி மூடித் தலையை மேலும் கீழும் அசைத்தார்.

துசாந்தினி சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்தார்.

"சேர், இப்ப நான் என்ன கேட்டன் தெரியுமா? 'ராஜினாமாக் கடிதம் நான் எழுதித் தரவா' எண்டு கேட்டன். தலையாட்டுறீங்க."

இராசதுரையின் கழுத்தில் மாலை திடீரென்று பாரமாயிற்று.

"ஆரிட்டயும் சொல்ல மாட்டன். நாளைக்கு ஒம்பது மணிக்குக் கிளினிக்குக்கு வாங்க. டொக்டர் கழுவி விடுவார். அஞ்சு நிமிச அலுவல்."

அலுவல் நான்கு நிமிடத்தில் முடிந்தது. வெளியே வந்தது புளியங்கொட்டை அளவு இருந்தது. பத்தொன்பது நாளுக்குப் பிறகு அவருடைய வலது காதில் முதலில் விழுந்தது, கதவுக்கு வெளியே கேதீஸ்வரி யாரோ ஒருவரிடம் பேசியது: "தலைவராமுங்கோ. என்னத்துக்குத் தலைவர் எண்டு அவருக்கே தெரியா."

அன்று பின்னேரம் மர்சூக்கின் கடையிலிருந்து அந்த இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்ச் சாமானை வாங்கிக்கொண்டு வந்தார். கதவைச் சாத்திவிட்டு, அதையும் தன்னுடைய கறுப்பு ஹெட்போனையும் மாறிமாறி மாட்டி அந்தக் கச்சேரியைக் கேட்டார். நாதஸ்வரமும் இருந்தது. தவிலும் இருந்தது. இரண்டிலும் அச்சொட்டாக ஒரே மாதிரி இருந்தது. பதினொரு தடவை மாற்றிப் பார்த்தார். பிறகு, குளத்துத் தண்ணீர் இருந்தபோது நிலைமை இவ்வளவு மோசமாக இல்லையே என்று யோசித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார்.

அடுத்த மாத ஒன்றுகூடலும் அதே மண்டபத்தில்தான். விளக்கை எரியவிட யன்னல்கள் சாத்தியிருந்தன. நல்லரத்தினத்தின் வலது காதில் பஞ்சு. முன்வரிசையில் ஒன்பது வலது காதுகளில் பஞ்சு. மதுரனுடையது மட்டும் டோஹாவிலிருந்து தருவித்த, அளவெடுத்துச் செய்த சிலிக்கோன் அடைப்பு. இராசதுரையை நடுக் கதிரையில் இருத்தினார்கள். மதுரன் வலப்பக்கத்திலிருந்து அவர் பக்கம் சாய்ந்தார்.

"தலைவர், இண்டைக்கும் ஒரு பரீட்சை வைப்பமா? நாலு லெச்சமா ரெண்டரை ஆயிரமா எண்டு. தோத்தவர் கதிரைய விடுற."

இந்த முறை ஒவ்வொரு சொல்லும் மணிமணியாகக் கேட்டது. இராசதுரையின் தலை, முப்பது வருடப் பழக்கத்தில், மேலே போகத் தொடங்கியது. பாதிவழியில் அதை நிறுத்தினார். எதுவும் காதில் விழாதவர் போல முகத்தை மெதுவாகத் திருப்பி, சாத்தியிருந்த யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.